வாடியும் வாடிவீடும்

ஈழத்துத் தமிழில் பயணிகள் தங்கும் விடுதிக்கு வாடிவீடு என்று பெயர். தமிழகத்து நண்பர்கள் இச்சொல்லைக் கேட்டு, வாடிப்போன வீடோ என்று நகைப்பதுண்டு. வாடி என்பது அடைப்புடைய இடம்; விறகுவாடி, மரவாடி என்னும் வழக்குகளில் அப்பொருளைக் காணலாம். தாழ்வுபாட்டுக் கரையில் மீனவர் கிடுகு வேய்ந்து அமைக்கும் கொட்டிலும் வாடியே. வழிப்போக்கன் ஒருவன் வெயிலுக்கு அங்கே ஒதுங்கினால், ஊர் பேர் கேட்குமுன் கையில் தேநீர் வந்துவிடும்.

கூலி கொடுத்துத் தங்கும் வீட்டிலும் இத்தகைய விருந்தோம்பலுக்கு இடமுண்டோ? வள்ளுவர் வகுத்த அதிகாரம் கூலி வாங்குவாரை நோக்கியதன்று எனச் சொல்லி, பண்டிதர் பலர் இவ்வினாவை ஒரு நொடியில் முடித்துவிடுவர். காலிக் கோட்டையில் நான்கு நாள் தங்கிய எனக்கு அம்முடிபு உடன்பாடன்று.

மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். காலியை ஒல்லாந்தர் கைக்கொண்டது 1640இல். இரண்டையும் கண்டவர்க்கு வேற்றுமை விளங்கும். நம் கோட்டையினுள் குடியில்லை. காலிக் கோட்டையோ மக்கள் வாழும் ஊர். பள்ளிவாசலும் தேவாலயங்களும் விகாரையும் அம்மதிலுக்குள் அயலயலாக உள்ளன. 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

நான் தங்கியது ஒரு முஸ்லிம் குடும்பத்தாரின் இல்லம். தெருவை ஒட்டித் தூண் நிறுத்திய விறாந்தை; முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டெழுப்பிய தடித்த சுவர்; நடுவே வானம் பார்த்த முற்றம். விருந்தினருக்கென விட்டவை இரண்டே அறைகள். காலையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. அவை எனக்கெனத் தனியே சமைத்தவை அல்ல. வீட்டார் தமக்கு அவித்ததில் எனக்கும் ஒரு பங்கு. “மன்னார் மீன் திண்ட வாய்க்கு எங்கட கறி பிடிக்குமா, மாஸ்டர்?” என்றார் வீட்டுக்கார நானா. சிங்களம் வழங்கும் தென்கோடியில் அத்தமிழ் செவிக்கு இனித்தது.

காலிக்குத் தமிழ் புதிதன்று. 1911இல் அந்நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த கற்பலகை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தையொட்டி 1409ஆம் ஆண்டு குறித்துப் பொறிக்கப்பட்ட அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழிகள் உள. சீனப்பகுதி புத்தருக்குக் காணிக்கை கூற, தமிழ்ப்பகுதி தெனவரை நாயனாருக்குக் கூறுகின்றது. அது இப்போது கொழும்பு நூதனசாலையில் உளது. அந்நியரை ஏற்றுப் பழகிய துறைமுகம் அது.

விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் புதிதாக யாக்கும் செய்யுளை விருந்து என்றே குறிப்பர். ஆகவே உற்றாருக்கு இடும் சோறு விருந்தாகாது. முன்பின் அறியாதவனே விருந்தினன். அவனை அடுக்களை ஓசையும் பிள்ளைகள் ஓதும் குரலும் கேட்கும் தூரத்தில் உறங்க விடுவதற்கு ஒரு நம்பிக்கை வேண்டும். நான் கொடுத்த பணம் அறைக்கும் உணவுக்கும் ஈடாயிற்று, அந்நம்பிக்கைக்கு ஈடாகவில்லை.

ஆயினும் இவ்வகை வீடுகள் அங்கே அருகி வருகின்றன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது கோட்டை மதில் உள்ளிருந்த வீடுகளைப் பெரிதும் காத்தது. பணத்தின் வரவை அம்மதில் தடுக்கவில்லை. சில பத்தாண்டுகளாகப் பல வீடுகள் வெளிநாட்டார்க்கும் கொழும்புச் செல்வர்க்கும் விலையாகி, உயர்ந்த விடுதிகளாகவும் நகைக்கடைகளாகவும் மாறியுள்ளன. புதியவர்கள் சுவர்களைச் செம்மையாகவே பேணுகின்றனர், அதனை மறுத்தற்கில்லை. ஆனால் அந்த விறாந்தைகளில் மாலைவேளை அமர்ந்து தெருவிற் போவாரை நலம் விசாரிப்பாரைக் காணேன். நானாவிடமும் விலை கேட்டு ஆட்கள் வருகின்றனராம். மக்கள் இருவரும் வெளிநாட்டில். “நான் ஈக்கிற மட்டும் விக்க மாட்டன்” என்றார். அதற்குப் பின் என்ன என்று நான் கேட்கவில்லை.

மன்னார்த் தீவுக்கும் இன்று பூநாரைகளைக் காணப் பயணிகள் வருகின்றனர். என் பழைய மாணவர் சிலர், வீட்டில் ஓரறையை ஒழித்து அவர்களுக்கு விடலாமா என்று கேட்டனர். தாராளமாக விடலாம் என்றேன். நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டு முழு வீட்டையும் திறப்போடு ஒப்படைப்பதை மட்டும் வேண்டாம் என்றேன். காலை உணவுக்கு என்ன கொடுப்பது, பாணும் வெண்ணெயும் வாங்கவேண்டுமே என்று ஒருவன் கவலைப்பட்டான். அன்று வீட்டில் பிட்டு அவித்தால் பிட்டு, கரைக்கு வந்தது சூடை மீனென்றால் அதன் சொதி.