கம்பியில் பறக்கப் போறீங்களா? முதலில் பார்டாக்கைப் பாருங்க!

தீபாவளி போனஸ் வந்தாச்சு. பனியன் கம்பெனிகள் எல்லாம் லீவு. திருப்பூரில் அந்த ஒரு வாரம் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் வேன் பேசி மலைக்குக் கிளம்பியிருப்பார்கள். முன்பெல்லாம் மலை என்றால் படகு, குதிரை, வர்க்கி, டீ... அவ்வளவுதான். இப்போது பிள்ளைகள் கேட்பதே வேறு. "அப்பா, ஜிப்லைன் போலாம்ப்பா!"

அதென்ன ஜிப்லைன் என்கிறீர்களா? உயரமான இடத்திலிருந்து தாழ்வான இடத்துக்கு இழுத்துக் கட்டிய கம்பி வடம். அதில் ஓடும் ஒரு கப்பி. கப்பியிலிருந்து தொங்கும் பெல்ட்டில் நீங்கள்! மோட்டார் கிடையாது. உங்கள் எடைதான் பெட்ரோல். மரத்துக்கு மரம் பலகைப் பாலம், கயிற்று வலை என்று நடக்கவைத்து, கடைசியில் இப்படிப் பறக்கவிடும் பூங்காக்களும் உண்டு.

கோஸ்டாரிகா நாட்டு மழைக்காடுகளில், மர உச்சியில் வாழும் உயிர்களை ஆராய 1970-களில் டொனால்ட் பெர்ரி போன்ற விஞ்ஞானிகள் கயிறு கட்டி ஏறினார்கள். அதுவே பிற்பாடு சுற்றுலாவாகிவிட்டது. நம் நாட்டில் 2009-ல் ராஜஸ்தானின் நீம்ராணா கோட்டையில் ஆரம்பித்தார்கள். நமக்கு எட்டும் தூரத்தில், ஊட்டி, கூடலூர் தாண்டிப் போனால், வயநாட்டின் கர்லாட் ஏரி. மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் கவுன்சில் அங்கே ஏரிக்கு மேலேயே வடம் கட்டியிருக்கிறது.

போகலாமா, கூடாதா? தாராளமாகப் போகலாம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போகவேண்டும். 2025 ஏப்ரலில் புனே மாவட்டத்தில் ஓர் இளம்பெண் ஜிப்லைன் மேடையிலிருந்து விழுந்து இறந்துபோனார். பறக்கும்போது அல்ல, பறக்கத் தயாராகும்போதே! அதே வருடம் ஜூனில் மணாலியில் ஒரு சிறுமி நடுவழியில் கீழே விழுந்து, காலெலும்பு முறிந்து பிழைத்தாள்.

செக்கிங் கண் இருக்கிறதே!

இந்த விஷயத்தில் திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம். உடம்பைச் சுற்றி மாட்டும் அந்த பெல்ட்டை ஹார்னஸ் என்பார்கள். அது வேறொன்றுமில்லை, நைலான் அல்லது பாலியஸ்டர் நாடாவும் தையலும்தான். எடை தாங்குகிற இடங்களில் எல்லாம் பார்டாக் அடித்திருக்கும். ஜீன்ஸ் பாக்கெட் முனையில் நெருக்கமாகக் குறுக்கே அடிப்பார்களே, அதே பார்டாக்! பல ஹார்னஸ்களில் நாடா ஒரு கலர், பார்டாக் நூல் வேறு கலராக இருக்கும். அழகுக்காக அல்ல. ஒரு நூல் அறுந்தாலும் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக.

ஆயிரம் பீஸில் ஒரு டேமேஜைக் கண்டுபிடிக்கிற கண்ணால் அதை ஒரு நிமிடம் பாருங்கள். பார்டாக்கில் நூல் கிளம்பியிருக்கிறதா? நாடா ஓரம் பஞ்சு பஞ்சாக வந்திருக்கிறதா? உரசிய சூட்டில் ஓரிடம் மட்டும் கெட்டியாகி மினுமினுக்கிறதா? வெயிலில் கலர் ரொம்ப வெளுத்திருந்தால் நாடாவின் பலமும் போயிருக்கிறது என்று அர்த்தம். லேபிளில் தயாரித்த வருடம் இருக்கும். பெட்டியிலேயே பத்திரமாக இருந்தால்கூட 10 வருடத்துக்கு மேல் உபயோகிக்காதே என்றுதான் பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஆசிட் பட்டால் நைலான் என்ன ஆகும் என்று சாயப்பட்டறைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பெல்ட்டுகளை ஜீப்பில் பேட்டரி பக்கத்தில் போட்டு வைத்திருந்தால், "வேண்டாமுங்க" என்று திரும்பி வந்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு, தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழையவேண்டும், மூடிய முஷ்டி நுழையக்கூடாது. இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே நிற்கவேண்டும். ஒரே கொக்கியில் தொங்கவிட்டால் ஏறாதீர்கள், இரண்டு இணைப்பு வேண்டும். மரத்துக்கு மரம் மாறும்போது ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகே அடுத்ததைக் கழற்றவேண்டும். பிள்ளைகள் அவசரத்தில் இரண்டையும் கழற்றிவிடுவார்கள். தரையில் நாலு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சேலை சரிப்படாது. சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கீழேயே வைத்துவிடுங்கள். பின்னலைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள்ளோ சட்டைக்குள்ளோ விடுங்கள். கப்பியில் முடி சிக்கினால் வேதனை சொல்லி மாளாது. தாலிச்செயினும் உள்ளே இருக்கட்டும்.

உடம்பு என்ன சொல்கிறது?

கர்ப்பிணிகள், இதய நோய், வலிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், தோள்மூட்டு நழுவியவர்கள் கீழே நின்று போட்டோ எடுக்கட்டும். பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும்தான். மேலே நின்று கீழே பார்த்த மாத்திரத்தில் அட்ரினலின் சுரந்து, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஜிவ்வென்று ஏறும். வாரம் முழுக்க பவர் டேபிளில் குனிந்து தைத்து, முதுகுவலியோடு இருப்பவர்கள் யோசித்துச் செய்யவேண்டும். கடைசியில் பிரேக் பிடிக்கும்போது விழும் குலுக்கல் கழுத்துக்கும் முதுகுக்கும் ஆகாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கியூவில் வெறும் வயிற்றோடு நிற்காதீர்கள். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். இன்னொன்று பலருக்குத் தோன்றாது. மலைப்பாதை வாந்திக்கு அவோமின் போட்டுக்கொள்கிறோம் இல்லையா? அது பல மணி நேரம் தூக்கக் கலக்கத்தைக் கொடுக்கும். காலையில் அதைப் போட்ட பிள்ளையை மதியம் பலகைப் பாலத்தில் ஏற்றாதீர்கள்.

எடை குறைந்த பிள்ளைகள் சிலசமயம் நடுவழியிலேயே நின்றுவிடுவார்கள். ஆள் போய் இழுத்து வரும்வரை அப்படியே தொங்கவேண்டும். கால் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலை சுற்றி மயக்கம் வரலாம். "நின்னுட்டா சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை ஆட்டிட்டே இரு கண்ணு" என்று முன்பே சொல்லி அனுப்புங்கள். மயங்கிவிட்டால் உடனே இறக்கி, மல்லாக்கப் படுக்க வையுங்கள். உட்காரவைக்க வேண்டும் என்ற பழைய யோசனையை இப்போது டாக்டர்கள் ஏற்பதில்லை. மூச்சு வருகிறதா என்று பார்த்து 108-க்குச் சொல்லுங்கள்.

மேலே ஏறிய பிறகு பையன் அழுகிறானா? "ஆம்பளப் பையன் நீ, பயந்துக்கலாமா?" என்று தள்ளிவிடும் அப்பாக்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இறக்கி விடுங்கள். மற்றவர்கள் போவதைப் பார்க்கட்டும். தாழ்வான வடம் இருந்தால் அதில் போகட்டும். டிக்கெட் காசு போனால் போகிறது!

சாகச விளையாட்டுகளுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-லேயே வழிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. ஜிப்லைனும் அதில் அடக்கம். ஆகவே சாதனங்களைத் தினமும் சோதித்த ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அன்றைய தேதி போட்டுக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் கையெழுத்து வாங்கும் காகிதத்தையும் படித்துப் பார்த்தே போடுங்கள்.

தீபாவளி சமயம் என்றால் மலையில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வர வாய்ப்பு அதிகம். மின்னல் நேரத்தில் கம்பி வடத்தில் தொங்க முடியுமா? விடியற்காலையிலேயே வேனைக் கிளப்பிவிடுங்கள். டிபனை வழியிலேயே இலகுவாக முடித்துக்கொண்டால், காலையிலேயே பறந்துவிட்டு இறங்கலாம்.