யாழ்ப்பாணம் போகும் வழியில் ஓர் இரவு

பொழுதுபட்டால் வெள்ளவத்தைக் காலி வீதியில் யாழ்ப்பாண பஸ்களுக்கு ஆள் சேரத் தொடங்கிவிடும். புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடையைப் பூட்டிய கையோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களும் உண்டு. இரவு முழுக்க ஏசிக் குளிரில் கழுத்து நோகத் தூக்கம், விடியப்புறம் எங்கோ ஒரு பிளேன்டி, பிறகு யாழ்ப்பாணம். சுமார் 400 கிலோமீற்றர் வீதியில் கண்ணால் கண்டது ஒன்றுமில்லை. வான் பிடித்துப் போகும் குடும்பங்களின் கணக்கும் பெரும்பாலும் இதுதான்: இரவு பத்துக்கு வெளிக்கிட்டால் விடியச் சேர்ந்துவிடலாம்.

இந்த அவசரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஏ9 வீதி 1990இல் மூடப்பட்டு, 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. ஒரு தலைமுறைக்கு வழியில் தங்குவது என்றால் வவுனியாவில் பாஸ் கிடைக்கும்வரை காத்திருப்பது, ஓமந்தைச் சாவடியில் பொதியை அவிழ்த்துக் காட்டுவது. அப்படித் தங்கிப் பழகியவர்கள், பிறகு வீதி மறுபடி திறந்ததும் நிற்காமல் ஓடத்தான் ஆசைப்பட்டார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் கையில் ஒரு பொட்டலம் கச்சானும் மட்டும் விதிவிலக்கு.

அதற்கு முந்திய வழக்கம் வேறு. நடந்தும் வண்டி கட்டியும் போனவர்களுக்கு மடங்கள் இருந்தன. பருத்தித்துறைத் தெருமூடி மடம் இன்றும் வீதிக்கு மேலே கூரை விரித்து நிற்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் வாடிவீடுகள் வந்தன. கண்டி வீதியில் அம்பேபுஸ்ஸ வாடிவீடு 1828இல் கட்டப்பட்டதாகச் சொல்வார்கள். பயணத்தை இரண்டாக உடைப்பது அன்று சோம்பலாகக் கருதப்படவில்லை.

இன்று உடைப்பதானால் எந்த ஊரில்? வரைபடத்தில் நடுப்புள்ளியைத் தேடுவதுதான் பலரும் செய்வது. அப்படித் தேடினால் அநுராதபுரம் வரும். அறைகளுக்குக் குறைவில்லை, வீதியும் நல்லது. ஆனால் ஸ்ரீமகாபோதியும் ருவன்வெலிசாயவும் ஒரு மாலைக்குள் பார்த்து முடிக்கிற விஷயங்கள் அல்ல. அந்த நகரம் தனியாகப் போகவேண்டிய இடம். பொசன் காலத்தில் போனால் நிற்க இடமிருக்காது. தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி லொறிகள் இராப்பகலாக வந்துபோகும். அங்கே படுப்பது தூக்கத்துக்கு மட்டும்தான்.

ஓர் இரவு தங்கும் ஊருக்கு வேண்டியது அதிகமில்லை. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர முடிய வேண்டும். அறையிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். ஊர்ச்சனம் சாப்பிடும் கடையில் சாப்பிட வழி இருக்க வேண்டும். சுற்றுலாவுக்காகவே கட்டிய ஊர்களில் இந்த மூன்றாவது அடிபட்டுப்போகும்.

இந்தக் கணக்கில் முன்னுக்கு வருவது மன்னார். நடுவழி அல்ல, கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதனாலேயே நல்லது: பெரிய ஓட்டம் முதல் நாளோடு முடிந்து, மறுநாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம்தான் மிஞ்சும். விடிய வெளிக்கிட்டு, பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேக வீதியில் ஏறினால் நீர்கொழும்பு வரையிலான நெரிசல் தப்பும். சிலாபத்தில் முன்னேஸ்வரம், பிறகு புத்தளம் உப்பளங்கள். 1344இல் இபின் பதூதா யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தது இந்தப் புத்தளக் கரையில்தான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகும் வீதி வில்பத்துக் காட்டின் ஓரமாகப் போகிறது. பொழுதுபட்டபின் யானை குறுக்கே வரும் வீதி அது. பகலிலேயே கடந்துவிட வேண்டும். அநுராதபுரம் தாண்டி மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பினால் மடுச் சந்தி, முருங்கன், கட்டுக்கரைக் குளம், கடைசியில் கடலுக்குள் நீளும் தாம்போதி.

தாம்போதி முடிகிற இடத்தில் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. உள்ளே இடிபாடுகள்தான், மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடலேரி, மறுபக்கம் ஊர். வீதியில் கழுதைகள் தங்கள் பாட்டில் நடக்கும், வாகனத்துக்கு விலகும் பழக்கம் அவற்றுக்கு இல்லை. பள்ளிமுனைப் பெருக்கமரத்தை அறபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். பத்துப் பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை போகிறவர்களுக்கு வங்காலைப் பக்கத்துச் சேற்று நிலத்தில் பூநாரைக் கூட்டம் கிடைக்கலாம்.

தலைமன்னார் இறங்குதுறை இன்னும் 30 கிலோமீற்றர். 1964 புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அங்கிருந்தும், பிறகு 1984 வரை இராமேஸ்வரத்திலிருந்தும் கப்பல் வந்து சேர்ந்த துறை. மாலை மூன்று மணிக்கே மன்னார் வந்துவிட்டால் போய்வரலாம். பிந்தினால் விட்டுவிடுவதே புத்தி; எல்லாவற்றையும் ஒரு மாலைக்குள் திணித்தால், இரவு பஸ்ஸில் போனவரைவிடக் களைப்போடுதான் படுக்கைக்குப் போகவேண்டிவரும். இரவுக்கு மீனோ நண்டோ சமைக்கும் கடை எது என்று அறைக்காரரிடம் கேட்டால் சொல்லுவார்.

மறுநாள் காலை சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீஸ்வரம். ஊரிலிருந்து 10 கிலோமீற்றர் அளவு. அங்கிருந்து பூநகரி வீதி. முன்பு இந்த வழியில் வந்தவர்கள் கடலேரியைப் படகுப் பாதையில் கடந்தார்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் நேரே நாவற்குழிக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கலாம்.

அறை பிடிக்குமுன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். வான் சாரதிக்குப் படுக்க இடம் உண்டா? அவர் வாகனத்துக்குள் தூங்கி எழுந்து மறுநாள் ஓட்டுவது எல்லோருக்கும் ஆபத்து. கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? மன்னார் வெக்கையில் மின்விசிறி இல்லாமல் கண்மூட முடியாது. போகிற நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூலை 2, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாக்களுக்கு இலட்சக்கணக்கில் சனம் வரும். சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரமும் அப்படியே. அந்த நாட்களில் மன்னாரில் அறை கிடைப்பது கடினம்.

திரும்பி வரும்போது வேறு ஊர் வேண்டுமென்றால் கற்பிட்டி இருக்கிறது. ஒல்லாந்தர் கோட்டையும், பருவத்தில் டொல்பின் பார்க்கும் படகும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பாலாவியில் பிரதான வீதியை விட்டு 40 கிலோமீற்றர் உள்ளே போய், அதே வழியால் திரும்ப வேண்டும் என்பதால் போகும்போது அது கட்டிவராது. கொழும்புக்கு மூன்று மணித்தியாலச் சொச்சம்தான் மிச்சம் இருக்கும்போது அந்தச் சுற்று பெரிதாகத் தெரியாது.