முதுகு வலிக்குக் காரணம் பாதையா, ஸ்பிரிங்கா? ஸ்னோமொபைலை உடம்புக்கு ஏற்ப மாற்றும் அரை மணி நேர வேலை!

ஒரே காரை அண்ணனும் தங்கையும் மாறி மாறி ஓட்டும் வீட்டில், ஏறியதும் முதல் வேலை சீட்டை முன்னே பின்னே நகர்த்துவதுதான். கண்ணாடியையும் திருப்பிக்கொள்வார்கள். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் குளிர்காலம் வந்துவிட்டால், பல வீட்டு வாசல்களில் ஸ்னோமொபைல் நிற்கும். அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் என்று வீட்டில் பலரும் அதை ஓட்டுவார்கள். ஆனால், அதன் சஸ்பென்ஷனை ஆளுக்கேற்ப மாற்றலாம் என்பது பலருக்கு நினைவுக்கே வராது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு, இரவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, 'பாதை சரியில்லை' என்று பழியைப் பனியின் மீது போடுவார்கள்.

சோகத்தில் வளர்ந்த வண்டி

இந்த வண்டியின் கதையில் ஒரு குடும்பத்தின் கண்ணீரும் இருக்கிறது. கியூபெக் மாகாணத்தின் வால்கோர்ட் ஊரில் மெக்கானிக்காக இருந்தவர் ஜோசப்-அர்மாண்ட் பாம்பார்டியர். பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய இளவயதிலிருந்தே முயன்றுவந்தார். 1934 ஜனவரியில், அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் பாதிப்பு முற்றியது. பாதைகளைப் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. குழந்தை இறந்துபோனது. பாம்பார்டியர் முயற்சியை விடவில்லை. 1937-ல் தன் டிராக் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் உட்காரும் பனி வண்டியை விற்கத் தொடங்கினார். 1959-ல் அவர் கொண்டுவந்த 'ஸ்கீ-டூ', ஓரிருவர் மட்டும் ஏறிச் செல்லும் சிறிய ஸ்னோமொபைலைப் பரவலாக்கியது.

உயிரைக் காப்பாற்ற ஒரு தகப்பன் ஏங்கிய வண்டி, இன்று சரியாக அமைக்கப்படாவிட்டால் ஓட்டுபவரின் முதுகெலும்பையே பதம் பார்த்துவிடும். மேட்டில் எகிறி இறங்கும்போது ஸ்பிரிங் அடிவரை அமுங்கினால், அந்த அடி நேராக முதுகுத்தண்டில் இறங்கும். முதுகெலும்பு நசுங்கி முறிவதும் உண்டு.

யாருக்காக அமைத்தது?

ஸ்னோமொபைலின் முன்னால் இரண்டு ஸ்கீக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாக் அப்ஸார்பர். பின்னால் சுழலும் ரப்பர் டிராக்குக்கு உள்ளே, முன்பக்கமாக ஒன்றும் பின்பக்கமாக ஒன்றும் என மேலும் இரண்டு. தொழிற்சாலையில் இவற்றை ஒரு நடுத்தர எடைக்காரரை மனதில் வைத்து அமைத்து அனுப்புகிறார்கள். 58 கிலோ மனைவியும் 95 கிலோ கணவரும் அதே அமைப்பில் ஓட்டினால், ஒருவருக்கு அது கட்டையாக இருக்கும். இன்னொருவருக்குத் தொய்ந்துபோகும்.

தொய்வதில் பெரிய ஆபத்து இருக்கிறது. பின்பக்கம் அதிகமாக அமுங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்கீக்கள் பனியை அழுத்திப் பிடிக்காது. வளைவில் ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். எதிரே மரம் இருந்தால் என்ன ஆகும்?

ஒரு டேப், ஒரு துணை

சரிசெய்யத் தேவை அளவு டேப், வண்டியோடு வந்த கருவிப் பை, உதவிக்கு ஒருவர். இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில், பின் பம்பரைப் பிடித்து, சஸ்பென்ஷன் முழுதாக நீளும் வரை தூக்கி, தரையிலிருந்து பம்பர் வரை அளக்க வேண்டும். பிறகு வண்டியை இறக்கிவிட்டு, ஓட்டுபவர் ஹெல்மெட், பூட்ஸ், பனி உடை, முதுகுப்பை சகிதம் ஏறி, இரண்டு மூன்று முறை எம்பி எம்பி உட்கார வேண்டும். இப்போது அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். முதல் அளவு 20 அங்குலம், இரண்டாவது 17 என்றால், அமுங்கியது 3 அங்குலம். சாதாரணப் பாதையில் ஓட்டும் பல வண்டிகளுக்கு இது 2 முதல் 4 அங்குலத்துக்குள் இருக்கும். அந்தந்த மாடலுக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும்.

அமுங்கல் அதிகமென்றால் பின் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், குறைவென்றால் தளர்த்த வேண்டும். நம் ஊர் பைக்கின் பின் ஷாக்கில் படிபடியாக வெட்டிய வளையத்தைத் திருப்புவது போன்ற வேலைதான் இது. முறுக்கு ஸ்பிரிங்கில் நிறைய விசை அடங்கியிருக்கும் என்பதால் கையால் திருகக் கூடாது. அதற்கான கருவி வேண்டும். கடைசிப் படி வரை போயும் அளவு சரிவரவில்லையா? ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

அடுத்தது ஸ்கீ

பின்பக்கம் சரியான பிறகுதான் முன்பக்கம். வளைவில் வண்டி திரும்ப மறுத்தால், டிராக்குக்கு உள்ளே முன்பக்கம் இருக்கும் லிமிட்டர் ஸ்ட்ராப்பை ஒரு துளை குறுக்கலாம். ஸ்கீக்களின் மேல் எடை கூடும். ஹேண்டில்பார் கனத்து, தோள் வலித்தால் ஒரு துளை நீட்டலாம். ஆழமான புதுப்பனியில் ஓட்டுபவர்களும் நீட்டி வைத்துக்கொள்வார்கள். முன்பக்கம் லேசாகி, வண்டி பனிக்கு மேலே ஏறி வரும்.

கடைசியாக, ஷாக் திரும்பி எழும் வேகம். அதை மாற்றும் திருகு சில மாடல்களில் மட்டுமே உண்டு. வேகம் அதிகமானால் மேட்டில் ஆளைத் தூக்கி எறியப் பார்க்கும். குறைந்தால், அடுத்தடுத்த மேடுகளில் எழ நேரமின்றி அமுங்கிக்கொண்டே போகும்.

எதைத் தொட்டாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பிறகு, பழக்கமான பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது உதவியது என்றே தெரியாமல் போய்விடும். பின்னால் பிள்ளையை ஏற்றிக்கொண்டால் எடை மாறுகிறது என்பதால், மறுபடி அளக்க வேண்டும். எவ்வளவு சரியாக அமைத்தாலும், பெரிய மேட்டைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, முழங்காலை மடக்கிச் சற்று எழுந்து நிற்பதுதான் முதுகுக்கு நல்லது.

வீட்டில் எத்தனை பேர் ஓட்டுகிறார்களோ, அத்தனை பேரின் அளவையும் ஒரு சீட்டில் எழுதி, இன்ஜின் மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தால் போதும். சாவி கைமாறும்போது ஸ்பிரிங்கின் படியும் மாறும்.