சூட்டு கொப்புளம்னு சும்மா இருந்துடாதீங்க! பெண்களை வாட்டும் ஹெர்பிஸ்: கண்டுபிடிப்பது எப்படி? சமாளிப்பது எப்படி?

கரியாலூர்:-

கல்வராயன்மலையில் உள்ள கரியாலூர், வெள்ளிமலை, சேராப்பட்டு பகுதி பெண்களுக்கு காய்ச்சல், இருமல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போக தயக்கம் இருப்பதில்லை. ஆனால் பிறப்புறுப்பில் ஒரு கொப்புளம், புண் என்றால் பெற்ற தாயிடம் கூட வாய் திறப்பதில்லை. மலையில் மட்டும் அல்ல, கள்ளக்குறிச்சியிலும் சென்னையிலும் இதே கதைதான்.

இப்படி மறைக்கப்படும் நோய்களில் முக்கியமானது "ஹெர்பிஸ்". உலக சுகாதார நிறுவனம் 2024-ம் ஆண்டு வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 84 கோடியே 60 லட்சம் பேருக்கு பிறப்புறுப்பு ஹெர்பிஸ் கிருமி உள்ளது. அதாவது 5 பேரில் ஒருவருக்கு மேல். எனவே இது ஏதோ ஒரு ஊருக்கோ, ஒரு கூட்டத்துக்கோ சொந்தமான நோய் அல்ல.

அக்கி வேறு, இது வேறு

கிராமங்களில் கொப்புளம் கிளம்பினால் "அக்கி" என்று சொல்லி, மண்பாண்டம் செய்பவரிடம் போய் காவி எழுதிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அக்கி என்பது சின்னம்மை கிருமியால் வருவது. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும்.

பிறப்புறுப்பில் வருவது "ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ்" என்ற வேறு வைரஸ். இதில் 2 வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டில் புண்ணாக வரும். அதுவே வாய்வழி உறவால் பிறப்புறுப்புக்கும் பரவலாம். இரண்டாம் வகை முக்கியமாக உடலுறவு மூலம் பரவும். உடல் அமைப்பு காரணமாக இரண்டாம் வகை ஆண்களை விட பெண்களை அதிகம் தொற்றுகிறது.

அறிகுறி என்ன?

கிருமி தொற்றிய 2 முதல் 12 நாட்களில் அறிகுறி தெரியலாம். முதல் தடவைதான் பாடாய்ப்படுத்தும்.

* பிறப்புறுப்பு, தொடை இடுக்கு, ஆசனவாய் பகுதியில் சுருக் சுருக்கென்று குத்தல், எரிச்சல்.

* கொத்துக் கொத்தாக சின்ன நீர்க்கொப்புளங்கள். அவை உடைந்து, வலியுள்ள புண்ணாக மாறும்.

* சிறுநீர் கழிக்கும்போது உயிர் போகிற எரிச்சல்.

* தொடை இடுக்கில் நெறி கட்டுதல், காய்ச்சல், உடம்பு வலி.

* கருப்பை வாயில் புண் இருந்தால் வெள்ளைப்படுதல்.

புண் ஆற 2 முதல் 4 வாரம் ஆகலாம். ஆனால் பலருக்கு இவ்வளவும் வராது. லேசான அரிப்பு, ஒரு சின்ன கீறல் என்று வந்த சுவடே தெரியாமல் போய்விடும். பெண்கள் இதை "உடம்பு சூடு" என்றும், நாப்கின் உரசல் என்றும் நினைத்து விட்டுவிடுவது உண்டு.

வேறு நோயாகவும் இருக்கலாம்

புண் எல்லாமே ஹெர்பிஸ் ஆகிவிடாது. வலியே இல்லாத ஒற்றைப் புண் என்றால் அது சிபிலிஸ் எனப்படும் மேகப்புண்ணாக இருக்கலாம். தயிர் போல வெள்ளைப்பட்டு அரித்தால் பூஞ்சை தொற்றாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால்தான் புண் ஆறுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஈரமாக உள்ள புண்ணில் பஞ்சால் தொட்டு எடுத்து பி.சி.ஆர். பரிசோதனை செய்தால் கிருமி உறுதியாகிவிடும். அதோடு சிபிலிஸ், எச்.ஐ.வி. ரத்த பரிசோதனையும் செய்து கொள்வது அவசியம். இரண்டாம் வகை ஹெர்பிஸ் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு அதிகம் என்பது குறிப்பிடத்தக்கது.

"யார் கொண்டு வந்தது?"

குடும்பத்தை உடைப்பது புண் அல்ல, இந்த கேள்விதான். பல மாதம் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு கணவர் வீடு திரும்புகிறார். அந்த நேரத்தில் மனைவிக்கு புண் தெரிந்தால் சந்தேகம் கிளம்பி, சண்டை வெடிக்கிறது.

ஆனால் இந்த கிருமி உடம்பில் புகுந்ததும், தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்பு முடிச்சில் போய் பதுங்கிக்கொள்ளும். வருடக்கணக்கில் அடையாளமே காட்டாமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று தலைகாட்டலாம். புண் இல்லாதவரிடம் இருந்தும் பரவலாம். எனவே இன்று புண் வந்ததை வைத்து, யாரிடம் இருந்து, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை வைத்து மனைவியை வீட்டை விட்டு துரத்துவதும், கணவரை பழி சொல்வதும் அர்த்தம் இல்லாதது. இருவரும் சேர்ந்து போய் டாக்டரை பார்ப்பதே நல்லது.

மருந்து உண்டா?

கிருமியை அடியோடு ஒழிக்க மருந்து இல்லை. தடுப்பூசியும் இன்னும் வரவில்லை. ஆனால் அடக்கி வைக்க நல்ல மருந்து உண்டு. "அசைக்ளோவிர்" மாத்திரை 1980-களில் இருந்து பயன்பாட்டில் உள்ளது. முதல் தடவை வரும்போது 400 மி.கி. மாத்திரை தினமும் 3 வேளை, 7 முதல் 10 நாட்கள் கொடுப்பது வழக்கம். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு பலன்.

பால்வினை நோய்களுக்கு அரசு திட்டத்தில் நிறம் பிரித்து மருந்துப்பை கொடுக்கும் முறை கொண்டுவரப்பட்டபோது, ஹெர்பிசுக்கு ஒதுக்கப்பட்டது சிவப்பு நிற பை. உள்ளே இருப்பது இந்த அசைக்ளோவிர்தான்.

மாதவிடாய், காய்ச்சல், மனக்கவலை நேரத்தில் புண் திரும்ப வரலாம். வருவதற்கு முன்பே குத்தல், இடுப்பு வலி எச்சரிக்கும். அன்றைக்கே மாத்திரை தொடங்கினால் சீக்கிரம் அடங்கும். அடிக்கடி வந்தால், தினமும் மாத்திரை சாப்பிடும்படி டாக்டர் சொல்லலாம். பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுகள் போகப்போக வருவது குறைந்துவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் உட்காரலாம். சிறுநீர் கழிக்கும்போதே தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் குறையும்.

* தளர்வான பருத்தி துணி உடுத்துங்கள். வலிக்கு பாரசிட்டமால் போதும்.

* புண்ணை தொட்டால் கையை சோப்பு போட்டு கழுவுங்கள். அதே கையால் கண்ணை தொடாதீர்கள்.

* காவி, சுண்ணாம்பு, கடையில் கேட்டு வாங்கும் கண்ட களிம்பு எதுவும் வேண்டாம்.

* புண் முழுதாக ஆறும் வரை உடலுறவு கூடாது. மற்ற நாட்களில் ஆணுறை பயன்படுத்தினால் ஆபத்து குறையும், முழுவதும் நீங்காது.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தாலோ உடனே 108 ஆம்புலன்சை கூப்பிடுங்கள்.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு...

இதுதான் மிக முக்கியம். கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை வழக்கமாக செய்யப்படுகிறது. ஹெர்பிஸ் அதில் இல்லை. நீங்களாக சொன்னால்தான் நர்சுக்கும் டாக்டருக்கும் தெரியும்.

பிரசவம் நெருங்கும் நேரத்தில் முதல் முறையாக கிருமி தொற்றினால், குழந்தைக்கு பரவும் வாய்ப்பு 100-க்கு 30 முதல் 50 வரை. பச்சிளம் குழந்தைக்கு இது வந்தால் மூளை பாதிக்கலாம், உயிரே போகலாம். ஆனால் பழைய தொற்று உள்ள தாய்மார்கள் பயப்பட வேண்டாம். அவர்களிடம் இருந்து பரவும் வாய்ப்பு 100-க்கு ஒன்றை விட குறைவு. 36-வது வாரத்தில் இருந்து மாத்திரை கொடுத்தால் பிரசவ நேரத்தில் புண் வராமல் தடுக்கலாம். வலி எடுக்கும்போது புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.

மலையில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்வது ரொம்ப அவசியம். வலி எடுத்த பிறகு வளைவு வளைவான மலைப்பாதையில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடுவதை விட, நாள் குறித்துக்கொண்டு முன்பே இறங்குவது தாய்க்கும் சேய்க்கும் நல்லது. மார்பில் புண் இல்லை என்றால் தாய்ப்பால் தாராளமாக கொடுக்கலாம்.

எங்கே போவது?

இந்த நோய் கழிப்பறை மூலமாகவோ, ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ பரவாது. கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கும் இது காரணம் அல்ல. அதற்கு காரணம் வேறு வைரஸ். எனவே பாதிக்கப்பட்ட பெண்ணை தனியாக ஒதுக்கி வைக்க தேவையே இல்லை.

அரசு ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்களுக்கு என்றே செயல்படும் "சுகவாழ்வு மையம்" உள்ளது. இலவச சிகிச்சை, பெயர் வெளியே போகாது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு "நம்பிக்கை மையம்" உள்ளது. நேரில் போக கூச்சமாக இருந்தால் 104 அல்லது 1097 எண்ணுக்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம். பெண் நர்சிடம்தான் பேசுவேன் என்று தயங்காமல் கேளுங்கள். அதில் தப்பே இல்லை.