பொய்ந்நூலும் மூல ஒப்பீடும்

உலகாட்சியைக் கைக்கொள்ள யூதர் மறைவிற் கூடிச் சூழ்ந்தனர் எனக் கூறும் ‘சீயோன் மூப்பர் நடவடிக்கைக் குறிப்புகள்’ 1903-இல் உருசிய நாளிதழொன்றில் வெளிவந்தது. இலண்டன் ‘டைம்சு’ இதழ் 1920-இல், இதனைப் பொய்யெனத் தள்ளலாகுமோ என வினவிற்று. அவ்விதழின் செய்தியாளர் பிலிப்பு கிரேவ்சு 1921-இல், மோரீசு சோலி என்பார் மூன்றாம் நெப்போலியனைச் சாடி 1864-இல் வெளியிட்ட உரையாடல் நூலோடு இதனை ஒப்பிட்டு, பல பகுதிகள் அந்நூலினின்று எடுத்து மாற்றி எழுதப்பட்டவை என நிறுவினார். யூதர் சூழ்ச்சி என்பது அம்மூலத்தில் யாண்டும் இல்லை. எனினும், செருமனியில் 1933-இல் ஆட்சியேற்ற நாசிகள் இதனை மெய்யெனவே பரப்பினர்.

இதழின் பெருமை சான்றாகாது. மூலம் யாது என்னும் வினாவே முதற்கண் எழல் வேண்டும். காலந்தாழ்த்து எழும் ஐயம் பொய்யைக் காட்டும்; அதனால் விளையும் கேட்டைத் தடுக்காது.