மூவர் வரைந்த வரைபடம்

2001 ஏப்ரல் 7 அன்று ஜி.என். ராமச்சந்திரன் சென்னையில் காலமானார். வயது 78. அவர் செய்த பெரிய வேலை எது என்று கேட்டால் உயிரியலாளர்கள் ஒன்றைச் சொல்வார்கள், சி.டி. ஸ்கேன் கணக்கீடு தெரிந்தவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். அவரிடம் பயின்றவர்களுக்கு அவர் 'ஜி.என்.ஆர்.' அந்த மூன்றெழுத்தில் அன்பும் இருந்தது, கொஞ்சம் அச்சமும் இருந்தது.

அவர் பெயரை நிலைக்க வைத்தது ஒரு சதுர வரைபடம். உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும், அது நம்பத்தக்கதா என்று பார்க்கும் முதல் சோதனைகளில் 'ராமச்சந்திரன் வரைபடம்' ஒன்று. பன்னாட்டுப் புரதத் தரவு வங்கியில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது தயாராகும் சரிபார்ப்பு அறிக்கையில் இந்த வரைபடத்தின் கணக்கும் இடம்பெறும்.

ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே சி.வி. ராமன் கண்ணில் பட்டார். இந்தப் பையன் உங்கள் துறைக்கு மிஞ்சிய கெட்டிக்காரன் என்று மின்பொறியியல் துறைத் தலைவரிடம் சொல்லி, ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். பத்தாண்டு கழித்து அதே ராமன் இன்னொரு கதவையும் திறந்தார். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்கும்படி துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அவரை அழைத்தபோது, ராமன் தமக்குப் பதிலாக ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். 1952இல் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர் முப்பது வயதை ஒட்டிய இளைஞர்.

அந்த ஆண்டு சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொலாஜனின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் அது. அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்ததால் மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. கங்காரு வால் தசைநாணின் எக்ஸ் கதிர்ப் படங்கள் தெளிவாக விழுந்தன. சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் அவருமாக 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். எல்லாவற்றிலும் சிறியது கிளைசின்தான். அதன் பக்கக் கிளை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. அது மட்டுமே நுழையக்கூடிய நெருக்கமான இடம் ஒன்று உள்ளே இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். அப்படிப் பிறந்ததே மூன்று புரிக் கயிறு போன்ற அந்த மாதிரி. 1955இல், மூன்று புரிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்று திருத்தி எழுதினார்கள்.

அதே ஆண்டு பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறுக்கிட்டார்கள். மூன்று புரி சரி, ஆனால் சில அணுக்கள் நெருங்கக்கூடாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன என்பது குற்றச்சாட்டு. மும்மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றார் ராமச்சந்திரன். ஒன்றுதான் என்றார்கள் அவர்கள். பிற்காலத்துப் படிகச் சான்றுகள் அந்த ஒன்றின் பக்கமே சாய்ந்தன. மூன்று புரி மட்டும் அசையவில்லை.

இந்த இடத்தில்தான் அவர் எப்பேர்ப்பட்ட ஆசிரியர் என்று தெரிகிறது. விமர்சனம் அவரை உறுத்தியது. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? அந்தக் கேள்வியைத் தமக்குள் வைத்துக் குமையாமல், வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் என்ற இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து பிரித்துப் பார்த்தார். வழிகாட்டிகள் மாணவருக்குத் தருவது பெரும்பாலும் தங்களுக்கு வேண்டாத சில்லறை வேலையை. இவர் தந்தது தம்மை மிகவும் வாட்டிய கேள்வியை.

முதலில் அதுவரை வெளியான படிக ஆய்வுகளிலிருந்து அணுக்களுக்கிடையிலான தூரங்களைத் திரட்டினார்கள். அடுத்தது சுழற்சி. புரதச் சங்கிலியில் அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்பு தட்டையானது, விறைப்பானது, எளிதில் திரும்பாது. ஒவ்வொரு நடுக் கார்பனுக்கும் இரு பக்கமுள்ள பிணைப்புகளே சுழலும். ஆக, ஓர் அமினோ அமிலத்துக்கு இரண்டு கோணங்கள்: ஃபை, சை. ஒன்றைக் கிடையச்சில் வையுங்கள், மற்றதைச் செங்குத்து அச்சில். இரண்டும் மைனஸ் 180 டிகிரியிலிருந்து பிளஸ் 180 வரை. இனி ஒவ்வொரு ஜோடிக் கோணத்துக்கும் கேள்வி ஒன்றே: அணுக்கள் மோதுகின்றனவா? மேசைக் கணிப்பான் எந்திரத்தைத் தட்டித் தட்டித்தான் இந்தக் கணக்கைப் போட்டார்கள்.

விடை வியப்பூட்டியது. சதுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குப் புரதம் போகவே முடியாது. மிஞ்சியவை சில திட்டுகள். லைனஸ் பாலிங் 1951இல் சொன்ன ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் அந்தத் திட்டுகளுக்குள்ளேயே விழுந்தன, கொலாஜனும் அப்படித்தான். பக்கக் கிளை வெறும் ஹைட்ரஜன் அணு என்பதால் கிளைசினுக்கு மட்டும் நடமாட இடம் அதிகம். 1963இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி' இதழில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. முழுமையாக வடிவம் தெரிந்த புரதங்களை ஒரு கை விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. பின்னால் வந்த ஆயிரமாயிரம் வடிவங்கள் இந்தக் கணக்கை மெய்ப்பித்துக்கொண்டே இருக்கின்றன.

1971இல் இந்திய அறிவியல் கழகத்துக்குத் திரும்பி மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். அதே ஆண்டு ஏ.வி. லட்சுமிநாராயணனோடு எழுதிய கட்டுரை, பல திசைகளில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுருவத்தை முப்பரிமாணத்தில் மீட்கச் சுருக்கமான கணக்கு வழி ஒன்றைத் தந்தது. சி.டி. ஸ்கேனுக்குக் கைகொடுத்த வழி அது. 1977இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999இல் படிகவியலின் பெரும் கௌரவமான எவால்ட் பரிசு. பார்க்கின்சன் நோயும் 1998இல் மனைவியின் மறைவும் கடைசி ஆண்டுகளைக் கடினமாக்கின.

கர்த்தா அமெரிக்கா போய், 1967இல் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் வடிவத்தைக் கண்டறிந்த குழுவில் முன்னின்றார். சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் ஆசிரியரோடு பெங்களூரு சென்று புதிய பிரிவை வளர்த்தார்கள். நம் கல்லூரி வகுப்புகளில் இந்த வரைபடம் கரும்பலகையில் ஏறும்போது ஒரு பெயர்தான் சொல்லப்படுகிறது. அடுத்த முறை அந்த இருவர் பெயரையும் சேர்த்தே சொல்லலாம். கட்டுரையின் முகப்பில் ஜி.என்.ஆர். அப்படித்தான் போட்டிருக்கிறார்.