திருச்சபையின் மிச்சப் பணம் எங்கே போனது?

அயர்லாந்தில் 1861ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எட்டில் ஒருவர்கூட புராட்டஸ்டன்ட் பிரிவான ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவரில்லை. ஆனாலும் அதுதான் அரசுத் திருச்சபை. பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் 1869இல் கொண்டுவந்த சட்டத்தால், 1871 ஜனவரி 1 அன்று அந்தத் தகுதி போனது. அரசின் கைக்கு வந்த சபையின் சொத்து சுமார் 1 கோடியே 60 லட்சம் பவுண்டு. இழப்பீடுகள் போக ஏறக்குறையப் பாதி மிஞ்சும் என்பது அவர் போட்ட கணக்கு.

ஆனால், அது பெட்டியில் கிடந்த பணமல்ல. நிலமும் தசமபாக வரியும்தான். இரண்டையும் எப்படிக் காசாக்குவது? ஆண்டுக்கு 100 பவுண்டு வரி கட்டும் நிலக்கிழார், அதன் 22½ மடங்கை, அதாவது 2,250 பவுண்டைச் செலுத்தினால் வரியிலிருந்து நிரந்தர விடுதலை. சபை நிலத்தை உழுத குத்தகைதாரருக்கே அதை வாங்க முதல் உரிமை. கால் பங்கை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு மீதியை 32 ஆண்டுகளில் அடைக்கலாம்.

குருமார் கணக்கு இன்னும் சிக்கலானது. ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுக்க வருமானம் உண்டு. யார் எத்தனை ஆண்டு வாழ்வார் என்று எவருக்குத் தெரியும்? வயதைக் கொண்டு சராசரி ஆயுளைக் கணித்து, அதற்குரிய மொத்தத் தொகையைச் சபையின் புதிய நிர்வாகக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். ஒரு மறைமாவட்டக் குருமாரில் முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால் 12 சதவீதம் கூடுதல். அதன் பிறகு நீண்ட ஆயுளின் செலவு அரசின் தலையில் இல்லை!

மிச்சப் பணத்தை எந்தச் சபைக்கும், மதபோதனைக்கும் தொடக்கூடாது. முக்கியமாக, தவிர்க்க முடியாத துயரைத் துடைக்க வேண்டும் என்றது சட்டம். பின்வந்த சட்டங்கள் அந்த வாசலை அகலத் திறந்தன. 1878இல் 10 லட்சம் பவுண்டு இடைநிலைக் கல்விக்குப் போனது; தேர்வில் மாணவர் பெற்ற வெற்றியைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம், மாணவிகளுக்கும் இடம். அடுத்த ஆண்டு 13 லட்சம் ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது 1891இல் வந்த நெருக்கடி மாவட்ட வாரியம். வறிய மேற்குக் கரையோரத்துக்காக அதற்கு 15 லட்சம் பவுண்டு ஒதுக்கினார்கள். ஆனால் தென்னையை வெட்டாமல் காயை மட்டும் பறிப்பதுபோல, கைக்குக் கொடுத்தது 2¾ சதவீத வட்டியை மட்டுமே: ஆண்டுக்கு 41,250 பவுண்டு. அதில் படகுத்துறைகள் எழுந்தன, மீன்பிடிப் படகுகள் வந்தன, பெண்கள் சரிகைப் பின்னல் கற்றார்கள். மேயோ மாவட்டத்தின் பாக்ஸ்போர்டில் கத்தோலிக்கக் கன்னியர் 1892இல் தொடங்கிய கம்பளி ஆலைக்கும் இந்த வாரியமே கடனும் மானியமும் தந்தது. புராட்டஸ்டன்ட் சபையின் மிச்சத்தில் கத்தோலிக்கக் கன்னியரின் தறி ஓடியது.